கொக்கடி மண்

ஜூன் 18

கிணற்றை மூடியாகிவிட்டது. கிணறு என்றால் இறைத்துக் குடிக்கிற கிணறு இல்லை. ஒரு சாண் அகல இரும்புக் குழாய், பூமிக்குள் நிலக்கரிப் படுகை வரை இறங்கியிருக்கிறது. முதலில் என் நுண்ணுயிர்க் கரைசலை உள்ளே விட்டோம். பின்னால் டேங்கர் லாரியில் வந்த கரியமில வாயு. வால்வைத் திருகி இறுக்கி, தேங்காய் உடைத்து, படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் புறப்பட்டுவிட்டார்கள். குழுத் தலைவர் சாஹா கொல்கத்தாவுக்கு, பொறியாளர்கள் ராஞ்சிக்கு. கல்யாணம் முடிந்தபின் பந்தல் பிரிக்க நிற்கிறவள் மாதிரி நான் மட்டும் நிற்கிறேன்.

இனி மழைக்காலம் முடியும்வரை ஜார்க்கண்டின் இந்த மூலையில் நான்தான் விஞ்ஞானி, நான்தான் உதவியாளர். தினமும் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வாயு மாதிரி எடுக்க வேண்டும். கேபினுக்குள் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கும் தாய்க் கரைசல் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமைக்க வரும் பூல்மணிக்குச் சந்தாலி தெரியும், இந்தி தெரியும். எனக்குத் தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியும், இந்தி தடுக்கித் தடுக்கி வரும். அவள் பூல்மணி, நான் தவமணி. இரண்டு மணிகளும் பெரும்பாலும் கையால்தான் பேசிக்கொள்கிறோம்.

தமிழ் மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுத ஆரம்பிக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 22

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பூல்மணி கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் என்றேன். என்ன தின்னும்? நிலக்கரியை அரிக்கும், நாம் உள்ளே விட்ட புகையைத் தின்னும். தின்றுவிட்டு என்ன செய்யும்? அடுப்பெரிக்கிற வாயுவை விடும். மூடி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகாதா என்று கவலைப்பட்டாள். அவற்றுக்குக் காற்றுப் பட்டால்தான் சாவு என்றேன். பாவம், எதுவுமே வெளியே வர முடியாத பிறவி என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அவள் கேட்காத கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நிலக்கரிக்குள் ஏற்கெனவே மீத்தேன் ஒட்டிக்கொண்டு இருக்கும். கரியமில வாயுவை உள்ளே விட்டால் நிலக்கரி அதைப் பிடித்துக்கொண்டு மீத்தேனைக் கைவிட்டுவிடும். டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடித்தவரை இன்னொருவர் எழுப்பிவிடுவது போல. அப்படி வருவது பழைய வாயு. அதில் என் நுண்ணுயிருக்கு எந்தப் பெருமையும் கிடையாது. நாம் கொடுத்த புகையையே அவை மீத்தேனாக மாற்றியிருந்தால் மட்டுமே அது புதிய வாயு. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்காக, கரியமில வாயுவில் கொஞ்சம் கனமான கார்பனைக் கலந்திருக்கிறோம். அந்தக் கனம் மீத்தேனில் தெரிந்தால் நான் ஜெயித்தேன். இருபது வருஷமாக இந்த ஒரு பதிலுக்காகத்தான் ஊர் ஊராக அலைகிறேன்.

ஜூன் 29

மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை உதைத்து எழுப்பி, குப்பிகளைச் சூட்டில் வைத்தேன். லேபிளில் ‘கொக்கடி-3’ என்று என் கையெழுத்து. எங்கள் தொழிலில் கரைசலுக்குப் பேர் வைக்க யோசிப்பதே இல்லை; எந்த இடத்து மண்ணோ அதுவே பேர்.

கொக்கடிப் பள்ளம் பரவைநல்லூரில் எங்கள் வயல்களிலேயே தாழ்வானது. தண்ணீர் வடியாது, எந்நேரமும் கொக்கு நிற்கும், சேற்றில் கால் வைத்தால் குமிழி குமிழியாக வரும். படித்துக்கொண்டிருந்த காலத்தில் விடுமுறைக்குப் போனபோது, நுண்ணுயிர் பார்க்க ஆழத்துச் சேறு வேண்டும் என்று பக்கிரி அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். முழங்கால் அளவு இறங்கி, மண்வெட்டியால் வெட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். “சேத்துல என்னாத்தப் பாக்கப்போற? போயி ஒரு மாப்பிள்ளையப் பாரு” என்றார். நான் மாப்பிள்ளை பார்க்கவில்லை, சேற்றைத்தான் பார்த்தேன். சுரங்கத் தண்ணீர், சாணம், சதுப்பு நிலம் என்று எத்தனையோ இடத்து மண்ணை நிலக்கரியோடு போட்டு வைத்துப் பார்த்தாயிற்று. நிலக்கரியைச் சொந்த வீடாக நினைத்துக் குடியேறியது கொக்கடி மட்டும்தான்.

அன்றைக்கு மீத்தேன் என்ற சொல்லே எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. அண்ணனுக்கு எதுவும் தெரியாது. இந்தச் சேறு எதற்கு ஆகப்போகிறது என்று எனக்கே தெரியாது.

ஜூலை 2

அண்ணனைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

ஜூலை 5

எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

மீத்தேன் இன்று டெல்டாவில் ஒரு கெட்ட வார்த்தை. வயலுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது, துளை போட்டு வாயு எடுக்கப்போகிறார்கள், நிலத்தடி நீர் போய்விடும், சோறு போய்விடும் என்று ஊரே எழுந்து நின்றது. பரவைநல்லூரில் போராட்டக் குழுவின் செயலாளர் பக்கிரிசாமி, அதாவது என் அண்ணன். அவர் மேடையில் மீத்தேனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, ‘உங்க தங்கச்சி என்னா வேலை பாக்குது’ என்று யாரோ கேட்டுவிட்டார்கள். நிலக்கரியில் ஏதோ ஆராய்ச்சி என்று சமாளித்தாராம். வீட்டுக்கு வந்து எனக்குப் போன் போட்டார். “அந்த வேலைய வுட்டுட்டு வா. இல்லன்னா வராத” என்றார். இது துளை போட்டு உறிஞ்சுகிற வேலை இல்லை, புகையைப் பூமிக்குள் அனுப்புகிற வேலை என்று விளக்கப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நானும் சுருக்கென்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு பொங்கல் போய்விட்டது.

அமிர்தவல்லி அண்ணி மட்டும் அவர் வயலுக்குப் போன நேரமாகப் பார்த்துப் பேசுவாள். எனக்கு ஒன்றும் பெரிய வருத்தம் கிடையாது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

ஜூலை 14

விடாத மழை. அழுத்தம் மெதுவாக ஏறுகிறது. பூல்மணி நான்கு நாளாக வரவில்லை, ஓடையில் வெள்ளம். காவல்காரர் வாசல் அறையை விட்டு அசைவதில்லை. இன்று அழுத்தமானியிடம், “என்ன, சாப்பிட்டியா?” என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டேன். கேட்டபிறகுதான், யாரிடமும் பேசி இத்தனை நாளாகிறதே என்று உறைத்தது. அழுகை வந்தது. அழுதுவிட்டு அரிசி களைந்தேன்.

ஜூலை 23

வெள்ளம் வடிந்து வண்டி வந்தது. வாயு மாதிரிகளைக் கொல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டேன். கனமான கார்பன் எங்கே போயிருக்கிறது என்று அங்கே சொல்வார்கள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம் இரண்டும் செய்தேன். காப்பரிசிக்கு வெல்லம் கிடைத்தது, எள் கிடைக்கவில்லை. இன்றைக்கு என்ன பண்டிகை என்று பூல்மணி கேட்டாள். ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிற நாள் என்றேன். இங்கேதான் எல்லா ஆற்றிலும் தண்ணீர் ஓடுகிறதே, இதற்கு எதற்கு விழா என்றாள். தண்ணீருக்கு ஏங்கிய ஊர்க்காரிக்குத்தான் அது தெரியும்.

அண்ணி போன் செய்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். அண்ணன் என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

கனம் மீத்தேனில் இருக்கிறது.

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பழைய வாயு எழுந்து வந்தது மட்டுமில்லை. நாம் விட்ட புகையில் ஒரு பங்கை என் பிள்ளைகள் தின்று புதிதாக மீத்தேன் செய்திருக்கின்றன. மழையில் ஓடிப்போய்க் கிணற்றின் தலையில் இருக்கும் வால்வைக் கட்டிக்கொண்டேன். காவல்காரர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணிக்குப் போன் போட்டேன். எடுத்தாள். ‘யாரு’ என்று பின்னால் அண்ணன் குரல் கேட்டது. “ராங் நம்பருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வலித்தது.

ஆகஸ்ட் 16

சாஹா ரசகுல்லாவோடு வந்தார். பத்திரிகைக்கு அறிக்கை கொடுக்கப்போகிறார்கள். கொக்கடி என்பது எவ்வளவு அழகான பேர், எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எங்கள் வயல் என்றேன். ஊர் பேரையும் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். பாராட்டு கிடைத்தால் பாகற்காயும் இனிக்கும்.

பிறகு இன்னொன்று சொன்னார். அடுத்த கிணற்றை டெல்டா பக்கம் போடலாம் என்று மேலே பேச்சு இருக்கிறதாம். உங்கள் ஊர்தானே, நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்றார். டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 21

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

தமிழ்ப் பேப்பரில் வந்துவிட்டது. பரவைநல்லூர் வயல் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர், பேர் கொக்கடி, நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்க உதவுகிறது, அடுத்து டெல்டாவிலும் சோதனை நடக்கலாம். வேறு எந்த ஊர்க்காரருக்கும் அது வெறும் பேர். பரவைநல்லூரில் சின்னப்பிள்ளையைக் கேட்டால்கூட அது பக்கிரிசாமி வயல் என்று சொல்லும். வெறும் எண் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. தொழில் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது.

அண்ணி அழுதுகொண்டே பேசினாள். செயலாளரே வயலைக் கம்பெனிக்குத் திறந்துவிட்டார், அண்ணனும் தங்கையும் கூட்டு என்று ஊரில் பேச்சாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அண்ணன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை என்னைத் திட்டவும் இல்லையாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 23

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். என்னையும் போனில் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறார்கள்.

அண்ணி சொன்னாள்: “ஒரே ஒரு பொய் சொல்லிடும்மா. அது நம்ம மண்ணு இல்லன்னு சொல்லிடு. அவ்வொ மானம் உங் கையிலதான் இருக்கு.”

முப்பது வருஷமாக ஊருக்கு உழைத்து அண்ணன் சேர்த்தது அந்த மானம் ஒன்றைத்தான். நான் சேர்த்தது என்ன? இந்தக் குப்பியில் இருப்பது இன்ன இடத்து மண் என்று தைரியமாகச் சொல்கிற சொல். அதைப் பொய்யாக்கினால், நாளைக்கு நான் எழுதுகிற எதையும் எந்த ஆராய்ச்சிக்காரனும் நம்ப வேண்டியதில்லை. நாள் முழுக்க யோசித்தேன். பொய் சொல்லப்போகிறேன். ஒடிசாவில் எடுத்த சேறு, ஊர்ப் பாசத்தில் பேர் மட்டும் வைத்தேன் என்று சொல்லிவிடுவது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 25

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சல், யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம். கேள்வி கேட்டது குழுவின் பொருளாளர் துரைக்கண்ணு. அண்ணன் தூக்கி வளர்த்த ஆள்தான்.

நான் படித்து வைத்ததை ஒப்பித்தேன். “அது நம்ம ஊரு மண்ணு இல்லங்க. ஒடிசாவுல எடுத்தது. ஊரு ஞாபகத்துல பேரு மட்டுந்தான் நான் வச்சேன்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தப்பித்தோம் என்று நினைத்தேன். துரைக்கண்ணு பேப்பரை எடுத்துப் படித்தார். மண்ணே பரவைநல்லூர் மண்தான் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதே, அப்புறம் யார் பொய் சொல்வது என்றார். அந்த அறிக்கைக்கு ஊர் பேரைக் கொடுத்ததே நான்தானே.

அப்புறம் அவரே தீர்ப்பும் சொன்னார்: “பக்கிரி அண்ணன் மேல தப்பு இல்ல. அவருக்குத் தெரியாம இந்தப் பொண்ணு மண்ணக் களவாண்டுட்டுப் போயிருக்கு. அவரு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நாங்க அவரக் கைவுட மாட்டோம். ஆனா அந்தப் பொண்ணு இனிமே இந்த ஊரு எல்லையில கால் வைக்கப்படாது.”

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அண்ணே என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். உண்மையாகவே வேண்டினேன். ஒரு வார்த்தைதான். மண் எதற்கென்று அவருக்குத் தெரியாது என்பது பொய்கூட இல்லையே.

அண்ணன் தொண்டையைச் செருமினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலை நேராகக் கேட்கிறேன்.

“அவ சொன்னது பொய். அது நம்ம கொக்கடி மண்ணுதான்” என்றார். “களவெல்லாம் இல்ல. நான்தான் எறங்கி வெட்டிக் குடுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

“அண்ணே” என்று கத்திவிட்டேன்.

“நீ சும்மா இரு பாப்பா” என்றார். அதற்குள் கூச்சல் எழுந்துவிட்டது. யாரோ போனை அணைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 26

நேற்றே அண்ணனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். துரைக்கண்ணு செயலாளர்.

சாஹாவுக்குப் போன் செய்து, டெல்டாவில் கிணறு போடும் வேலையில் நான் இல்லை என்று சொன்னேன். அறிவியல் காரணம் என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு வேண்டாம், அதனால் எனக்கும் வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் என் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அண்ணனிடம் சொல்லியிருந்தால் அவர் என்னோடு பேசியிருப்பார். அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27

அழுத்தம் சீராக இருக்கிறது. மாதிரி எடுத்தேன். பூல்மணி கீரை கொண்டுவந்தாள்.

ஆகஸ்ட் 29

அண்ணி போன் செய்து ஊர்க் கதையைச் சொன்னாள். சம்பா நாற்றங்காலுக்குச் சேறடிக்க வருவதாகச் சொன்ன டிராக்டர்காரர் வரவில்லையாம். டீக்கடையில் அண்ணன் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துவிடுகிறார்களாம். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் தாங்கவில்லை என்றாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, “இருங்க, இதோ குடுக்குறேன்” என்று யாரிடமோ சொன்னாள். அண்ணன் போனை வாங்கினார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எதற்கென்று தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, அது உண்மைதானே என்று கேட்டேன்.

“தெரியாதுன்னு சொன்னா, நீ திருடின்னு ஆயிடும்ல” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சைத் தொடவில்லை. மழை எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். அரிசி என்ன ரகம் என்று கேட்டார். வேலை முடிந்ததும் ஊருக்கு வருகிறேன், உங்கள் காலில் விழ வேண்டும் என்றேன்.

“நீ இப்போதைக்கு இங்க வராத பாப்பா. உன்னப் பாத்தா ஏதாவது சொல்லுவானுவொ, என்னால கேட்டுட்டு இருக்க முடியாது” என்றார். “நான் அங்க வாரேன்.”

தஞ்சாவூரைத் தாண்டிப் போகாத மனுஷன். மூன்று வண்டி மாற வேண்டும், வழியில் யாருக்கும் தமிழ் தெரியாது, காடு, ஓடை, மழை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாஷை தெரியாத ஊருக்கு இந்த வயசில் தனியாக எப்படி வருவீர்கள் என்று கேட்டேன்.



“நீ தனியாத்தான இருக்க” என்றார்.